சின்ன மாண்டிசோரி ஸ்கூல்ல ஒண்ணாம் வகுப்பு சேக்கலாமா, என்னத்தையெல்லாம் பாக்கணும்?

தங்கச்சி, உங்க கேள்விய முதல்ல சுருக்கிப் போட்டுர்றேன், மத்தவங்களுக்கும் புரியட்டும். வீடு மதுரை ஐயர் பங்களா பக்கம், மகளுக்கு ஜூன்ல ஆறு வயசு முடியுது, மூணு வருசமா ஒரு சின்ன மாண்டிசோரில படிச்சு யூகேஜி முடிக்கப் போறா, அதே ஸ்கூல்ல இப்ப ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் ஆரம்பிச்சிருக்காங்க, ஸ்கூல் மொத்தத்துக்கும் நாப்பது பிள்ளைங்கதான், உங்களுக்கு அங்கயே விட ஆசை, மாமனார் பெரிய சிபிஎஸ்இ ஸ்கூல்ல போட்டே ஆகணும்னு நிக்கிறாரு. கூடவே வீட்டுல மாண்டிசோரி மெட்டீரியல், அதாவது கையில தொட்டுப் படிக்குற மணி, அட்டை மாதிரி சாமான், வாங்கி வைக்கலாமான்னும் கேட்டிருக்கீங்க. நான் ஆறு டு பன்னெண்டு வயசு பிள்ளைங்க வகுப்புல பல வருசம் நின்னவ, அந்த அனுபவத்துல சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

நேரா விசயத்துக்கு வர்றேன். "சின்ன ஸ்கூல், நல்லா கவனிச்சுப்பாங்க"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த நெனப்புதான் இங்க நெறைய பேரை தப்பான முடிவுக்கு கொண்டு போகுது. மூணு வயசுப் பிள்ளைக்கு அது சரி. ஆறு வயசுக்கு மேல ஆளு குறைச்சலா இருக்குறது ப்ளஸ் இல்ல, பல நேரம் அதுதான் பெரிய மைனஸ்.

ஏன்னு சொல்றேன். மூணுல இருந்து ஆறு வரைக்கும் பிள்ளை தனியா உக்காந்து ஒரு வேலைய திருப்பித் திருப்பி செய்யும், ஊத்துறது, அடுக்குறது, எழுத்தத் தடவுறதுன்னு. பால் பல்லு விழ ஆரம்பிக்கிற நேரத்துல ஆளே மாறிரும். தனியா இருக்க பிடிக்காது, கும்பலா சேரும், "மிஸ் அவ மட்டும் ரெண்டு தடவை பண்ணா, இது நியாயமா"ன்னு பஞ்சாயத்துக்கு வரும், எதை எடுத்தாலும் ஏன் ஏன்னு கேக்கும், கண்ணுல பாக்காத விசயத்த, டைனோசர், சூரியன், ராஜா காலம்னு மனசுல ஓட்டிப் பாக்கும். மாண்டிசோரி முறையில இந்த ஆறு டு பன்னெண்ட எலிமெண்டரின்னு தனிக் கட்டமா வச்சதே இதுக்காகத்தான். பாடம், மெட்டீரியல், டீச்சர் பேசுற விதம் எல்லாமே வேற. எல்கேஜி ரூமையே இன்னும் அஞ்சு வருசத்துக்கு இழுத்தா அது எலிமெண்டரி ஆகாது.

இதுல நம்ம ஊருப் பக்கத்துக்கு ஒரு சம்பந்தம் இருக்கு, பல பேருக்கு தெரியாது. இந்த முறைய உருவாக்குன இத்தாலிக்காரம்மா மரியா மாண்டிசோரி 1939ல சென்னை அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு பயிற்சி கொடுக்க வந்தாங்க, சில மாசத்துல திரும்பிப் போறதாதான் பிளான், உலகப் போர்ல மாட்டிக்கிட்டாங்க. இத்தாலி எதிரி நாடுங்கறதால பிரிட்டிஷ்காரன் அவங்க மகன் மரியோவ கொண்டு போய் முகாம்ல அடைச்சுட்டான், அந்தம்மாவோட 70வது பிறந்தநாளுக்குத்தான் விட்டாங்க. அப்புறம் 1942ல இருந்து 44 வரைக்கும் இருந்தது நம்ம கொடைக்கானல்ல. அங்க பல வயசுப் பிள்ளைங்கள ஒண்ணா வச்சு, காட்டுல செடி கொடி பூச்சியெல்லாம் பாத்துக்கிட்டு அவங்களும் மரியோவும் பண்ண வேலைதான் இன்னிக்கு உலகம் பூரா எலிமெண்டரி வகுப்புக்கு அடிப்படை, உலகத்துல எல்லாமே ஒண்ணோட ஒண்ணு சேந்ததுன்னு காட்டுற இத காஸ்மிக் எஜுகேஷன்னு சொல்லுவாங்க. மதுரையில இருந்து வத்தலக்குண்டு வழியா ஏறுனா வர்ற ஊருல உருவான விசயம், மதுரையில அதை சரியாத் தெரிஞ்ச டீச்சரத் தேடி அலைய வேண்டியிருக்கு, என்னத்த சொல்ல.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். 1907ல ரோம்ல அவங்க ஆரம்பிச்ச முதல் வகுப்புலயே அம்பது பிள்ளைங்களுக்கு மேல. வேணும்னேதான் வயசக் கலந்து, நெறைய பேர வைக்கிறது, பெருசு சின்னதுக்கு சொல்லிக் கொடுக்கும், சின்னது பெருச பாத்து ஏங்கும், டீச்சர் எல்லாத்துக்கும் ஓடி வர முடியாதுங்கறதால பிள்ளைங்க தாங்களாவே வழி கண்டுபிடிக்கும். உங்க ஸ்கூல்ல நாப்பது பேருன்னா அதுல முப்பது பேரு ஆறு வயசுக்கு கீழ இருப்பாங்க, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் பத்து பேரு, அதுல உங்க மக வயசுல பொண்ணு ஒண்ணோ ரெண்டோ. இது என் கணக்குதான், நீங்க நேர்ல கேட்டு சரிபாருங்க. ஆறு வயசுப் பிள்ளைக்கு சண்டை போட்டு கட்சி மாறி திரும்ப சேர ஒரு கும்பல் வேணும். ரெண்டே பேரு இருந்தா ஒருத்தி லீவு போட்ட அன்னைக்கு உங்க மக டீச்சருக்குத்தான் ஃப்ரெண்டு.

அதனால ஸ்கூல்ல கேக்க வேண்டிய முதல் கேள்வி ஃபீஸ் இல்ல, "மூணாவது, நாலாவது, அஞ்சாவதுல இப்ப எத்தனை பேரு? போன வருசம் எத்தனை பேரு டிசி வாங்கிட்டுப் போனாங்க?" மாண்டிசோரில ஆறு டு ஒன்பது ஒரு வகுப்பு, ஒன்பது டு பன்னெண்டு இன்னொண்ணு. இங்க என்ன நடக்குதுன்னா, ரெண்டாவது முடிஞ்சதும் அம்மா அப்பாவுக்கு பயம் வந்துரும், எழுத்து வேகம் பத்தலை, டேபிள்ஸ் ஒப்பிக்க மாட்டேங்கறான்னு புடுங்கிட்டுப் போயிருவாங்க. அப்ப சொல்லிக் கொடுக்குற அந்தப் பெருசுங்களே ரூம்ல இருக்காது. புதுசா ஆரம்பிச்ச ஸ்கூல்ல பெருசுங்க இல்லாம இருக்குறது சகஜம், அது தப்பில்ல, ஆனா "அடுத்த ரெண்டு வருசத்துல எப்படி இத வளக்கப் போறீங்க"ன்னு கேட்டா தெளிவா பதில் வரணும்.

அடுத்து டீச்சர். மாண்டிசோரிங்கற பேர யாரு வேணா போர்டுல எழுதிக்கலாம், தடுக்க ஆளு இல்ல. "நான் மாண்டிசோரி ட்ரெயின்டு"ன்னு சொன்னா மூணு டு ஆறுக்கா, ஆறு டு பன்னெண்டுக்கான்னு கேளுங்க. இது ரெண்டும் தனித்தனி டிப்ளமா. நம்ம பக்கம் கிடைக்கிறது பெரும்பாலும் மூணு டு ஆறுதான், எலிமெண்டரி பயிற்சி நாட்டுலயே கொஞ்ச இடத்துலதான் நடக்குது, அதுக்குன்னு மாசக்கணக்கா உக்காந்து, ஒவ்வொரு பாடத்தையும் எப்படி கொடுக்கணும்னு ஆல்பம்ங்கற நோட்டு எழுதி, வகுப்புல அப்சர்வேஷன் பண்ணி முடிக்கணும். ஆன்லைன்ல சில வாரத்துல வாங்குன சர்டிஃபிகேட் அதுக்கு ஈடு கிடையாது. சர்டிஃபிகேட்ட காட்டச் சொல்ல உங்களுக்கு கூச்சமா இருந்தா ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "அஞ்சு பெரிய கதையும் எப்ப சொல்லுவீங்க?" பிரபஞ்சம் எப்படி உண்டாச்சு, உயிர் எப்படி வந்துச்சு, மனுசன் எப்படி வந்தான், எழுத்து எப்படி வந்துச்சு, எண்ணு எப்படி வந்துச்சு, இந்த அஞ்சுதான் எலிமெண்டரி வகுப்போட முதுகெலும்பு, வருசா வருசம் திரும்பச் சொல்லுவாங்க, சயின்ஸ், வரலாறு, மொழி, கணக்கு எல்லாம் அதுல இருந்துதான் கிளை விடும். பயிற்சி எடுத்தவங்கன்னா உங்கள உக்கார வச்சு பேசியே தள்ளிருவாங்க. எந்தக் கதைங்கன்னு அவங்க திருப்பிக் கேட்டா உங்களுக்கு பதில் கிடைச்சிருச்சு.

நேர்ல போய் பாக்குறது எப்படின்னா, சனிக்கிழமை ஓப்பன் ஹவுஸுக்கு போகாதீங்க, அன்னிக்கு எல்லாம் பளபளன்னுதான் இருக்கும். வேலை நாள்ல காலைல ஒன்பதரை பத்து மணிக்குப் போய் ஒரு மணி நேரம் ஓரமா ஒரு சேர் போட்டு உக்கார விடுங்கன்னு கேளுங்க. வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டு போங்கன்னா யோசிக்கணும். உள்ள உக்காந்ததும் அலமாரிய பாக்காதீங்க, பிள்ளைங்களப் பாருங்க. ஒருத்தன் பாய் விரிச்சு செக்கர் போர்டுங்கற கட்டம் போட்ட பலகையில பெரிய பெருக்கல் போட்டுக்கிட்டிருப்பான், ரெண்டு பேரு சார்ட் வரைஞ்சுக்கிட்டே வெட்டிக் கதை பேசுவாங்க, டீச்சர் ஒரு மூலையில தரையில மூணு நாலு பேருக்கு மட்டும் பாடம் எடுத்துக்கிட்டிருப்பாங்க, மத்தவங்க அவங்கள கூப்பிடாமலே வேலைய ஓட்டுவாங்க. சத்தம் இருக்கும். இருக்கணும். இந்த வயசு வகுப்பு கோயில் மாதிரி அமைதியா இருந்தா ஏதோ மிரட்டல் நடக்குதுன்னு அர்த்தம், சந்தைக்கடை மாதிரி ஆளாளுக்கு அலைஞ்சா பொறுப்பு எடுக்க ஆளில்லன்னு அர்த்தம், நடுவுல ஒரு இரைச்சல் இருக்கு, கொஞ்ச நேரம் உக்காந்தா காதுக்கே தெரிஞ்சிரும். எல்லாப் பிள்ளையும் ஒரே ஒர்க்புக்ல ஒரே பக்கத்த எழுதிக்கிட்டிருந்தா மெட்டீரியல் சும்மா ஷோவுக்குத்தான், எண்ணு கத்துக்குற கோல்டன் பீட்ஸ் மணிங்க கண்ணாடி பீரோவுல பூட்டிக் கிடந்தாலும் அதே கதைதான்.

டைம் டேபிள வாங்கிப் பாருங்க. காலைல மூணு மணி நேரம் தொடர்ச்சியா, மணி அடிக்காம, வேலைக்கு விடணும், அதுதான் இந்த முறையோட உயிர். எங்க பாத்தாலும் அதைத்தான் முதல்ல வெட்டுறாங்க, பேரண்ட்ஸ் கேக்குறாங்கன்னு நடுவுல ஹிந்தி, அபாகஸ், கராத்தே, கம்ப்யூட்டர், டான்ஸ். நாப்பது நிமிசத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சுப் போற பிள்ளை எந்த வேலையில முழுசா இறங்கும், நீங்களே சொல்லுங்க. அதெல்லாம் மத்தியானத்துக்கு வச்சுக்கிட்டா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல.

கணக்குக்கு நான் பயப்பட மாட்டேன், மெட்டீரியல் ஒழுங்கா பயன்படுத்துற இடத்துல கணக்கு நல்லாவே வரும். கோல்டன் பீட்ஸ்ல ஆரம்பிச்சு, ஸ்டாம்ப் கேம், பீட் ஃப்ரேம், செக்கர் போர்டுன்னு பொருள் குறைஞ்சு குறைஞ்சு கடைசில பேப்பருக்கு வந்துரும். மூணாவது நாலாவது பிள்ளைய ஒண்ணக் கூப்பிட்டு "நீ என்ன செய்யுறன்னு எனக்கும் காட்டு தாயி"ன்னு கேட்டுப் பாருங்க, காட்டுற விதத்துலயே தெரியும்.

நான் பயப்படுறது தமிழுக்கு. மதுரையில வச்சுக்கிட்டு இதைச் சொல்ல வேண்டியிருக்கு, என்ன பண்றது. மெட்டீரியல், ஆல்பம், பயிற்சி எல்லாம் இங்கிலீஷ்ல வர்றதால இங்கிலீஷுக்கு தடவிப் பாக்குற சாண்ட்பேப்பர் எழுத்து, எடுத்து அடுக்குற மூவபிள் ஆல்பபெட், இலக்கண அட்டை வச்ச கிராமர் பெட்டின்னு அமர்க்களமா இருக்கும், தமிழுக்கு மட்டும் ஒரு மிஸ் மத்தியானம் வந்து புக்க வச்சு எழுதிப் போடுவாங்க. தமிழ்ல 247 எழுத்து, உயிரையும் மெய்யையும் தனியா கொடுத்து சேத்துப் பாக்க வச்சா இந்த முறைக்கு அப்படிப் பொருந்தும், செய்யத்தான் ஆளில்ல. இலக்கணமும் அப்படித்தான், பெயர்ச்சொல்லுக்கு கருப்பு முக்கோணம், வினைச்சொல்லுக்கு சிவப்பு வட்டம்னு அப்படியே எடுத்துக்கலாம், ஆனா இங்கிலீஷ்ல in, to மாதிரி பெயருக்கு முன்னாடி தனிச் சொல்லா வர்றது நமக்கு பெயரோடயே ஒட்டி வேற்றுமை உருபா வருது, அதுக்கு டீச்சர் தானா உக்காந்து யோசிச்சு அட்டை செய்யணும். அப்படி கைப்பட செஞ்ச தமிழ் மெட்டீரியல் ரெண்டு பெட்டி அலமாரில இருந்துச்சுன்னா அந்த ஸ்கூலுக்கு நான் கண்ண மூடிட்டு நாலு மார்க் கூடப் போடுவேன். தமிழ்நாட்டுல 2006 சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம், அதுக்காகவாவது கேளுங்க.

அப்புறம் வெளிய போறது. எலிமெண்டரில பிள்ளைங்க ஸ்கூல் சுவத்துக்குள்ளயே இருக்கக் கூடாது, ஏதாவது கேள்வி வந்தா நாலஞ்சு பேரா சேந்து தாங்களே பிளான் போட்டு, யாருகிட்ட அனுமதி கேக்கணும், எந்த பஸ்ஸு, எவ்வளவு காசுன்னு எழுதி, ஒரு பெரியவங்க துணையோட போயிட்டு வரணும். ஒரே கலர் தொப்பி போட்டு மொத்த ஸ்கூலையும் வேன்ல அள்ளிட்டுப் போற பிக்னிக் இதுல சேத்தி இல்ல. மதுரை இதுக்குன்னே செஞ்சு வச்ச ஊருங்க. எழுத்து எப்படி வந்துச்சுங்கற கதைய கேட்ட பிள்ளைய கீழடி மியூசியத்துக்கு கூட்டிட்டுப் போய் பானை ஓட்டுல கீறுன எழுத்தக் காட்டலாம், கொஞ்சம் பெரிய பிள்ளைங்கன்னா மாங்குளம் மலை ஏறி பாண்டியன் நெடுஞ்செழியன் பேரு வர்ற தமிழி, அதாவது பழைய தமிழ் எழுத்துல இருக்குற கல்வெட்டையே பாக்கலாம், ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தினது. கீழக்குயில்குடி சமணர் மலை, நாயக்கர் மகால், ராணி மங்கம்மாள் அரண்மனையில இருக்குற காந்தி மியூசியம், நத்தம் ரோட்டுல கலைஞர் நூலகம், உங்க வீட்டுக்குக் கூட பக்கம்தான். போன வருசம் பிள்ளைங்க எங்க எங்க போனாங்க, யாரு முடிவு பண்ணாங்கன்னு கேளுங்க.

இப்ப காகித விசயம். இது போர் அடிக்கிற விசயம்தான், ஆனா சின்ன ஸ்கூல்னா இத விடவே கூடாது. பிளே ஸ்கூல் நடத்துற அனுமதி வேற, ஒண்ணாம் வகுப்பு நடத்துற அங்கீகாரம் வேற. கல்வி உரிமைச் சட்டம் 2009, 18வது பிரிவுப்படி அங்கீகாரம் இல்லாம தனியார் ஸ்கூல் நடத்தவே முடியாது. அங்கீகார ஆணைய கையில வாங்கி எந்த வகுப்பு வரைக்கும், எந்தத் தேதி வரைக்கும்னு படிங்க, ஸ்கூலுக்குன்னு அரசு குடுக்குற 11 இலக்க யூடைஸ் நம்பர் கேளுங்க, உங்க மகளுக்கு அரசு கணக்குல மாணவருக்குன்னு குடுக்குற எமிஸ் நம்பர் எந்த ஸ்கூல் பேருல ஏறும்னு கேளுங்க. "பேரு வேற ஒரு ஸ்கூல்ல இருக்கும், பிள்ளை இங்க படிக்கும்"னு சொன்னா அங்க இருந்து நகந்துருங்க, நாளைக்கு டிசிக்கு நீங்கதான் அலையணும். சில இடத்துல நாங்க ஸ்கூல் இல்ல, லேர்னிங் சென்டர், பின்னாடி ஓப்பன் ஸ்கூல்ல எழுதிக்கலாம்னு வெளிப்படையாவே சொல்லுவாங்க, என்ஐஓஎஸ்ங்கற மத்திய அரசு ஓப்பன் ஸ்கூல்ல பத்தாவது எழுத 14 வயசு முடிஞ்சிருக்கணும், அந்த ரூட்டுல போய் படிச்சவங்களும் இருக்காங்க, ஆனா அது தெரிஞ்சு எடுக்குற முடிவா இருக்கணும், அஞ்சாவது முடிச்சப்புறம் தெரிய வர்ற விசயமா இருக்கக் கூடாது.

கட்டிடத்த பத்தி ரெண்டே வரி. பல சின்ன ஸ்கூல் வாடகை வீட்டுலதான் ஓடுது, அதனால மாடிக்கு ரெண்டு வழி இருக்கா, ஜன்னல் கம்பி, கூரை என்ன, சமையல் எங்கன்னு கண்ணால பாருங்க, 2004ல கும்பகோணத்துல 94 பிள்ளைங்கள எரிச்ச தீ கூரை போட்ட சமையல் இடத்துல இருந்துதான் பரவுச்சு. வாடகை ஒப்பந்தம் எத்தனை வருசத்துக்கு, நடத்துறவங்களுக்கு ஒடம்பு முடியலன்னா யாரு பாப்பாங்கன்னு கேக்குறதுல தப்பே இல்ல, ஒரே ஆளோட உழைப்புல நிக்கிற இடம் அது. ஃபீஸுக்கு அரசு ஃபீஸ் கமிட்டியோட ஆர்டர் இருக்கான்னு கேளுங்க. டொனேஷனுக்கு சட்டத்துல இடமே கிடையாது.

உங்க மாமனார் விசயம். அவரு கேக்குறது தப்பான கேள்வி இல்ல, "ஆறாவதுக்கு எங்க போவா"ன்னுதான கேக்குறாரு. அங்க இருந்து போற பிள்ளைங்களுக்கு கணக்கும் வாசிப்பும் பெரும்பாலும் பிரச்சனை ஆகாது, மூணு மணி நேரப் பரீட்சை, போர்டப் பாத்து வேகமா எழுதுறது, கேள்வி கேட்டா "உக்காரு"ன்னு வைய்யுற டீச்சர், இதுங்கதான் முதல் சில மாசம் அடிக்கும். நல்ல ஸ்கூல்னா ஒன்பது வயசுக்கு மேல பரீட்சை எழுதுறதையும் ஒரு வேலையா பழக்கி விடுவாங்க, அத மறைக்காம சொல்லவும் செய்வாங்க. எட்டாவது வரைக்கும் சேர்க்கைக்கு தேர்வு வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, பெரிய ஸ்கூல்ல அதையே இன்டராக்ஷன்னு பேரு மாத்தி வச்சிருக்காங்க, அதையும் மனசுல வச்சுக்கோங்க. ரேங்க் கார்டு இல்லன்னு மாமனாரு கவலைப்பட்டா அவரையே ஒரு நாள் ஸ்கூலுக்கு கூட்டிட்டுப் போய் டீச்சர் எழுதுற ரெக்கார்ட காட்டச் சொல்லுங்க, எந்தப் பிள்ளைக்கு எந்த தேதில எந்தப் பாடம் கொடுத்தோம், எது இன்னும் பிடிபடலன்னு அதுல இருக்கணும். அந்த ரெக்கார்டு இல்லன்னா, மன்னிச்சுக்கோங்க, உங்க மாமனாரு சொல்றதுதான் சரி. வீட்டுல பகல்ல மாண்டிசோரி, சாயங்காலம் டியூஷன்ல ஒப்பிக்கிறதுன்னு ரெண்டையும் ஓட்டுறதா இருந்தாலும் பேசாம பெரிய ஸ்கூல்லயே போட்டுருங்க, பிள்ளை நடுவுல கிடந்து முழிக்கும்.

உங்களுக்கு என் முடிவு என்னன்னா, எலிமெண்டரி பயிற்சி எடுத்த டீச்சர் ஒருத்தராவது முழு நேரமா இருந்து, ஆறு டு ஒன்பது வகுப்புல குறைஞ்சது பதினஞ்சு இருபது பேரு இந்த ஜூன்ல சேர்றாங்கன்னா, அங்கீகாரமும் சரியா இருந்தா, யோசிக்காம அங்கயே விடுங்க, அந்த டீச்சர் நிலைச்சு நிக்கிறாங்களான்னு மட்டும் வருசா வருசம் பாத்துக்கோங்க. டீச்சர் இருக்காங்க, பிள்ளைங்க குறைச்சல்னா ஒரு வருசம் பொறுத்துப் பாக்கலாம், சாயங்காலம் தெருவுல விளையாட கும்பல் இருக்குற பிள்ளைக்கு அது ஓரளவு ஈடு கட்டும். யூகேஜி மிஸ்ஸே ஒண்ணுல இருந்து அஞ்சையும் சேத்துப் பாப்பாங்கன்னா, அந்த மிஸ் எவ்வளவு தங்கமானவங்களா இருந்தாலும், வேணாம். பெரிய சிபிஎஸ்இதான்னு இல்ல, வீட்டுல இருந்து நடக்குற தூரத்துல நல்ல தமிழ் மிஸ்ஸும் விளையாட மண்ணும் இருக்குற சாதா ஸ்கூல் அதவிட எவ்வளவோ தேவலை. மாட்டுத்தாவணி தாண்டி, ஊமச்சிகுளம் தாண்டின்னு ஒரு மணி நேரம் வேன்ல போற மாண்டிசோரிக்கும் இதே பதில்தான்.

கடைசியா வீட்டு மெட்டீரியல் கேட்டீங்கள்ல, வாங்காதீங்க. காசும் தண்டம், ஸ்கூல்ல அவ முதல் தடவை தொடுறப்ப வர்ற ஆசையும் போயிரும். அதுக்குப் பதிலா கடைக்குக் கூட்டிட்டுப் போய் மீதிச் சில்லறைய அவள எண்ணி வாங்கச் சொல்லுங்க, உழக்கையும் படியையும் குடுத்து அரிசி அளக்க விடுங்க, பெரியார் பஸ் ஸ்டாண்டு போற பஸ்ஸுல போர்ட அவளே வாசிக்கட்டும். கலைஞர் நூலகத்துக்கு வாரம் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க, அங்க பிள்ளைங்களுக்குன்னு தனிப் பகுதியே இருக்கு.